அப்பாவுக்கு மிஞ்சிய சொல்

ஆகஸ்ட் 2

இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதுகிறேன். முன்னால் வெர்னியர் அளவுகோல் இருக்கிறது. அம்மா புரட்டினால் அதோடு மூடிவிடுவாள். அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு, சாமான் அறையில் ஜீரோ பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வாய் உளறிவிடும் என்று பயமாக இருக்கிறது.

இன்று சண்முகக்கனி டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"பதினெட்டாந் தேதி அறிவியல் கண்காட்சி. எல்லாளும் எரிமலையும் காத்தாலையும் கொண்டாருவாளுவ. நீ நல்லா பேசுத. நீ மூளை செய்யி. புரோக்கான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் இருந்தாரு. மூளையில பேச்சுக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு ஆதாரத்தோட காட்டினவரு. அவரப் பத்திச் செய்யி, என்ன?"

"சரி டீச்சர்."

"என்னட்டீ, முகம் இப்படி வெளிறுது? பயப்படாத. நான் இருக்கம்லா."

பயம் கண்காட்சியைப் பற்றியது இல்லை. ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தேன். திசையன்விளைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, கோயம்புத்தூரில் சபை ஊழியம் செய்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா கோயம்புத்தூரில் இல்லை. அடுத்த அறையில் தூங்குகிறார். எங்கள் சபைக்கு உபதேசியாராக இருந்தவர். பாதிரியாரான ஐயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் அவருடையதுதான். போன ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில், குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு முற்றத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது.

அதை நான் எழுதப்போவதில்லை. தண்ணி லாரிக்காரர்கள் சண்டையில் சொல்வது. பிறப்பைப் பற்றியது. அப்பா வாழ்க்கையில் ஒருமுறைகூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஐயர் அவர் நெற்றியில் கைவைத்து ஜெபித்து முடித்து, "ஆமென் சொல்லுங்க உபதேசியாரே" என்றபோது முதன்முதலாக வந்தது.

ஆகஸ்ட் 5

குழாயில் தண்ணீர் வரவில்லை. சர்ச் கிணற்றிலிருந்து ஆறு குடம். யூனிஃபார்ம் தேய்க்கவில்லை.

ஆகஸ்ட் 9

டீச்சர் ஜெராக்ஸ் கொடுத்தார். வகுப்பிலும் அதைப் பற்றிப் பேசினார்.

பாரிஸ் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்று ஒருவர் இருபத்தோரு வருடம் இருந்தாராம். அதற்கு முன் செருப்புத் தைப்பவர்களுக்கு மரத்தில் கால் அச்சு செய்துகொடுத்தவர். அவரால் ஒரே ஒரு அசைதான் சொல்ல முடியும். 'டான்.' எதைக் கேட்டாலும் 'டான் டான்'. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் கால் புரையோடியபோது புரோக்காவிடம் கொண்டுவந்தார்கள். சில நாளில் இறந்தார். புரோக்கா அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பக்கம் முன்னால் ஓரிடம் சிதைந்திருந்தது. மறுநாளே போய் அறிஞர்கள் கூட்டத்தில் காட்டினார். மூளையைப் பற்றிய படிப்பே அன்றைக்குத் திசை திரும்பியது என்றார் டீச்சர். அந்த மூளை இன்றும் பாரிஸில் ஒரு சாடிக்குள் இருக்கிறது. சிதைந்திருந்த அந்த இடத்துக்குப் பெயர் புரோக்கா பகுதி.

"டான் டான்" என்றதும் வகுப்பே சிரித்தது. என் பக்கத்தில் இருக்கும் முத்துமாரி, "ஏட்டி, ஸ்கூல் பெல்லு மாதிரில்லா சொல்லுதாரு! அவரப் பாத்தா பிள்ளைய எல்லாம் பையத் தூக்கிட்டு ஓடியிருக்கும்" என்றாள்.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

பஸ்ஸில் ஜெராக்ஸை முழுதாகப் படித்தேன். அடியில் ஒரு வரி இருந்தது. லெபோர்னுக்குக் கோபம் வந்தால், யாரும் தன்னைப் புரிந்துகொள்ளாதபோது, ஒரு வசவு மட்டும் தெளிவாக வருமாம். கடவுள் பெயரை இழுத்துத் திட்டுவது. டீச்சர் வகுப்பில் அந்த வரியை விட்டுவிட்டார்.  அப்பாவுக்கு வந்தது பிசாசின் வேலை என்று பெண்கள் கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் பிரெஞ்சு நாட்டில் ஒரு மனுஷருக்கும் அப்படியே இருந்திருக்கிறது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லத்தான் நினைத்தேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. சொன்னால் டீச்சரிடமும் சொல்லச் சொல்வாள்.

ஆகஸ்ட் 13

ஞாயிறு. அப்பா கோயில் ஆராதனைக்குப் போவதில்லை. அதனால் ஒரு வாரம் அம்மா வீட்டில் இருப்பாள், ஒரு வாரம் நான். இன்று என் முறை.

அம்மாவின் போனில் அப்பாவை வீடியோ எடுத்தேன். "எப்பா, ஸ்கூல்ல ஒரு போட்டி. உங்களப் படம் பிடிக்கட்டுமா?" என்றேன்.

அந்தச் சொல்லைச் சொன்னார். சட்டென்று, குட்டையாக. சம்மதம் என்று அர்த்தம். எனக்கு எல்லா ராகமும் தெரியும். சொல்லின் முனை மடங்கினால் தண்ணீர். நீளமாக இழுத்தால் இங்கே வா. மூக்கில் வந்தால் சாப்பிட்டாயா. அம்மா ராத்திரி ஜெபம் முடிக்கும்போது மெதுவாக ஒருமுறை சொல்வார். அது ஆமென். அப்போது மட்டும் அம்மா அழுவாள்.

அப்பா அலமாரியைக் காட்டினார். பிரசங்கத்துக்குப் போடுகிற வெள்ளை ஜிப்பாவை எடுக்கச் சொன்னார். நானே போட்டுவிட்டேன். ஒரு கையை நுழைக்கவே நேரமாகிவிட்டது. தலையைத் தானே இடது கையால் வாரிக்கொண்டார்.

"எப்பா, உங்களுக்கு எத்தன வயசு?"

இடது கையை விரித்து மூடினார், ஒன்பது தடவை. பிறகு ஒரு விரல். நாற்பத்தாறு. லெபோர்னும் எத்தனை வருடமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று கேட்டபோது இப்படித்தான் கையை விரித்து மூடி எண்ணிக் காட்டினாராம். 

பிறகு அப்பா என்னைச் சுட்டிக்காட்டி, கேமராவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். என் பெயரை எப்சிபா என்று நிறுத்திக் கூப்பிடுவாரே, அதே ராகம்.

அந்த இடத்தை வெட்டிவிட்டேன். மற்ற இடங்களில் சத்தத்தை எடுத்துவிட்டேன்.

சார்ட்டில் எழுதியது: "நோயாளி ஞா. வயது 46. சொற்கள் இழந்தவர். ஆனால் அறிவு குறையவில்லை. பிறர் சொல்வது அனைத்தையும் புரிந்துகொள்வார்." டீச்சர் ஜெராக்ஸில் இருந்ததை அப்படியே தமிழில் போட்டேன். கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்.

ஆகஸ்ட் 18

கண்காட்சி முடிந்தது. முதல் பரிசு. மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. பள்ளியிலிருந்து பெற்றோருக்கெல்லாம் போனில் செய்தி போயிருக்கிறது. அப்பா என் மேஜை வரை வந்தார். பிறகு போய்விட்டார்.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 20

அப்பா இன்று தண்ணீர் கேட்கவில்லை. டம்ளரைக் காட்டினார்.

ஆகஸ்ட் 23

வீடு அமைதியாக இருக்கிறது. அப்பா அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. எதையுமே சொல்வதில்லை. வேண்டியதைக் கையால் காட்டுகிறார். ராத்திரி ஜெபத்தின் முடிவில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான்.

ஐயரம்மா, அதாவது எங்கள் ஐயரின் மனைவி, ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்தார்.

"லில்லி, கவனிச்சியா? உபதேசியார் வாயில இப்ப அந்த அசிங்கம் வரல. உன் உபவாசம் வீண் போகல."

"ஆமாக்கா. அஞ்சு நாளா ஒண்ணுமே வரல."

"இனி கோயிலுக்குக் கூட்டிட்டு வா. முன்வரிசையில உக்கார வைப்போம். சபை ஜனங்களும் சந்தோஷப்படும்."

அம்மா முறுக்கை எண்ணெய் படாமல் தாளில் மடித்து வைத்தாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சல். எனக்குக் கொடுத்ததை நான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றேன்.

ஆகஸ்ட் 27

மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். எல்லோரும் வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்கள். அப்பா தலையை ஆட்டினார்.

ஜெபத்தின்போது நான் கண்ணை மூடவில்லை. சபை முழுவதும் ஆமென் சொல்கிற நேரம், அப்பா இடது கையால் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கதவைத் தாழ்ப்பாள் போடுவதுபோல. விரல்நுனி வெளுத்துவிட்டது.

வரவில்லை என்று ஐயரம்மா சொன்னது பொய். வருகிறது. அடக்கிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 28

எழுதிவிடுகிறேன். எழுதாமல் தூக்கம் வரவில்லை.

கண்காட்சி அன்று அம்மா கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போயிருந்தாள். அப்பா தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து, தனியாக என் மேஜைக்கு வந்தார். அதே வெள்ளை ஜிப்பா. லேப்டாப்பில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தார். அருகில் நடுவராக வந்த பேராசிரியர், சண்முகக்கனி டீச்சர், முத்துமாரி, வேறு பள்ளிப் பிள்ளைகள்.

அப்பா என்னைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னார். சத்தமாக. சந்தோஷமாகத்தான் சொன்னார். என் பெயரின் ராகத்தில்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி கெக்கலித்துச் சிரித்தாள். டீச்சரின் முகம் கறுத்துவிட்டது. "யாரு இவரு? குடிச்சிட்டு உள்ள வந்திருக்காரா? எப்சிபா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்" என்றேன்.

வீடியோவில் அவர் முகம் இருக்கிறது. டீச்சர் அதைத் திரும்பிப் பார்க்குமுன் லேப்டாப் மூடியைச் சாய்த்துவிட்டேன்.  

வாட்ச்மேன் வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். அப்பா உதறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே நடந்தார். அம்மா வந்து, "எங்க போனாவ?" என்று தேடிக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அரைமணி நேரத்தில் பேராசிரியர் என் சார்ட்டைச் சத்தமாகப் படித்தார். "பிறர் சொல்வது அனைத்தையும் புரிந்துகொள்வார். அருமை. இதுதான் முக்கியமான பாயிண்ட். இதப் புரிஞ்சு எழுதியிருக்கியே" என்று தட்டிக்கொடுத்தார்.

நான் அதைப் புரிந்து எழுதவில்லை.

செப்டம்பர் 1

பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் தாஹிரா மேடம் போன் செய்தார். ஏழாம் தேதி அப்பாவைப் பரிசோதிக்கிறார்கள். முன்னேற்றமோ முயற்சியோ இருந்தால் பயிற்சி தொடரும். இல்லையென்றால் அந்த நேரத்தைக் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான்தான் போனை எடுத்தேன்.

"அப்பா சத்தம் கொடுக்காங்களாமா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

 "வாய சும்மா விட்டா, இருக்கதும் போயிரும்மா. எதையாவது சொல்ல வைங்க" என்றார்.

செப்டம்பர் 3

தண்ணீர் கொண்டுபோய் எட்டாத தூரத்தில் வைத்தேன், கேட்கட்டும் என்று. அப்பா எழுந்துபோய் எடுக்க முயன்று சுவரில் மோதிக்கொண்டார். முட்டியில் சிராய்ப்பு. என்ன பிள்ளை நான்.

மருந்து போடும்போது, "எப்பா, அன்னைக்கு…" என்று தொடங்கினேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபம் என்று நினைத்தேன். இல்லை. காது மடல் சிவந்திருந்தது. அப்பா வெட்கப்பட்டால் அப்படித்தான் ஆகும். ஒருமுறை பிரசங்கத்தில் வசனத்தை மாற்றிச் சொல்லிவிட்டு இறங்கியபோது பார்த்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தில் அவர் வாயை மூடவில்லை. தன்னால் எனக்கு அவமானம் என்று மூடிக்கொண்டார். ஆறு மாதமாக அந்தச் சொல் தன் வாயிலிருந்து வருவதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்களைப்போலவே. எங்களைவிட அதிகமாக.

செப்டம்பர் 5

டீச்சர் மாவட்டப் போட்டிக்குச் சொல்லித் தருகிறார். "அந்த வீடியோதான் ஹைலைட்டு. அந்த நோயாளி யாரு, எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"பெயர் வெளியிட முடியாதுன்னு சொல்லுவேன் டீச்சர்."

"சபாஷ்."

ஜெராக்ஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புரோக்கா தன் கட்டுரையில் லெபோர்ன் என்று எழுதித்தான் இருக்கிறார். மற்றவர்கள்தான் டான் டான் என்று சொல்லிச் சொல்லி அதையே பெயராக்கிவிட்டார்கள். அவருடைய முழுப்பெயரையும் ஊரையும் இந்த நூற்றாண்டில்தான் ஒருவர் பழைய பதிவுகளில் தேடிக் கண்டுபிடித்தாராம்.

எனக்கு அப்பாவின் முழுப்பெயர் தெரியும். தேட வேண்டியதில்லை. ஞானதிரவியம். நான்தான் ஒரு எழுத்தாகச் சுருக்கினேன்.

செப்டம்பர் 6

நாளை ஆஸ்பத்திரி. பள்ளிக்கு லீவு சொல்லியாயிற்று. அம்மா சோளம் அரைக்கக் கொடுக்கச் சொன்னாள், மறந்துவிட்டேன். திட்டு விழுந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.  தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. எனக்குப் பக்கவாதம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வரவில்லை.

செப்டம்பர் 7

கன்னம் இன்னும் எரிகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சின்ன அறை. கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் கூட்டம். தாஹிரா மேடம் அட்டைகளைக் காட்டினார். குடை. கோழி. வாளி. "ஐயா, இது என்ன? சும்மா ஏதாவது சத்தம் குடுங்க."

அப்பா வாயைத் திறக்கவில்லை. இடது கை உதட்டுக்குப் போய்விட்டது.

"போன தடவ அந்த வார்த்தையாவது வந்துச்சே" என்றார் மேடம்.

அம்மா முந்திக்கொண்டாள். "அது வராம இருக்கதுதாம் மேடம் நல்லது. இப்பல்லா கோயிலுக்கு வாராவ."

"அம்மா, கெணத்துல விழுந்தவருக்கு ஒரே ஒரு கயிறுதான் இருக்கு. கயிறு அழுக்குன்னு அறுத்து விடுவீங்களா? அதப் பிடிச்சுத்தான் மத்தத மேல இழுக்கணும்."

அப்பாவின் கை உதட்டிலேயே இருந்தது.  மேடம் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "முயற்சி இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும். வெளிய எத்தன பேரு இருக்காங்க பாருங்க."

பேனா தாளைத் தொட்டது. நான் எழுந்து அப்பாவின் முன்னால் போய் நின்று, அதைச் சொன்னேன். மூக்கில், சாப்பிட்டாயா என்கிற ராகத்தில்.

அம்மா என்னையே பார்த்தாள். காதில் விழுந்ததை நம்ப முடியாமல். பிறகு எழுந்து ஒரு அறை விட்டாள். "யார்ட்டட்டி படிச்ச இத? அதும் அப்பாட்ட!"

நான் மறுபடி சொன்னேன். நீளமாக இழுத்து. இங்கே வா என்று. வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோயிற்று. கதவு இடுக்கில் முகங்கள். ஒரு கிழவர், "என்னா வாயி பாத்தியா, பொட்டப்பிள்ளைக்கு" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முனையை மடக்கிச் சொன்னேன். தண்ணீர் வேண்டும் என்று. எனக்கு உண்மையிலேயே தொண்டை வறண்டிருந்தது.

அம்மா மறுபடி கை ஓங்கினாள். அப்போதுதான் அப்பா உதட்டிலிருந்து கையை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தார். அட்டைகள் சிதறின. என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார்.

எனக்கு எல்லா ராகமும் தெரியும் என்று எழுதியிருந்தேன். இது தெரியாது. தண்ணீர் இல்லை, வா இல்லை, என் பெயர் இல்லை. நெற்றி சுருங்கி, கழுத்து நரம்பு புடைத்து, பெண்பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று ஒரு தகப்பன் கேட்பதுபோல. முதல்முறையாக அப்பா அந்தச் சொல்லை வைத்து ஒருவரைத் திட்டினார்.

"திட்டுங்கப்பா" என்றேன். "அன்னைக்கு ஸ்கூல்ல டீச்சர் கேட்டப்ப உங்களத் தெரியாதுன்னு சொன்னம்லா. அதுக்கும் திட்டுங்க."

அம்மாவின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

அப்பா திட்டினார். நிறுத்தாமல் திட்டினார். ஏற்றி, இறக்கி, இடையில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. பொய் சொன்னதற்கு, லேப்டாப்பைச் சாய்த்ததற்கு, தண்ணீரை எட்டாமல் வைத்ததற்கு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விழுந்தது. எது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பிரசங்கத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் பேசியதில்லை. தாஹிரா மேடம் முதலில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகவேகமாக எழுதினார்.

அடுத்த பயிற்சி வியாழக்கிழமை.

 பஸ்ஸில் அம்மா அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, "நாளைக்கு நானும் ஸ்கூலுக்கு வாரேன்" என்றாள். "டீச்சர்ட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பரிசைத் திருப்பி வாங்கலாம். முத்துமாரி பக்கத்திலிருந்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போகலாம்.  அடுத்த அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.